ஆத்து மடவை

மீன் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதற்கு யாராவது அழுவார்களா? அங்கம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து மத்தியானமே எண்ணூர் குப்பத்துக்கு வந்துவிட்ட மகள் பவானி, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சுவரோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு? யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"பிராஜெக்ட் போச்சும்மா. கவர்மெண்டு இனிமே பணம் தராது. மீனு நல்லாத்தான் கீதாம், ஜனங்களுக்கு ஆபத்து இல்லியாம். அப்பொறம் எதுக்கு ஆராய்ச்சின்னு கமிட்டில கேட்டுட்டாங்க."

"மீனு நல்லா கீதுன்னா நல்லதுதானே? அதுக்கு இன்னாத்துக்கு ஒப்பாரி வெக்கிற?"

அங்கம்மா கேட்டதிலும் தப்பில்லை. மீன் சுத்தம் என்று ரிசல்ட் வந்ததை மகள் போனில் சொன்ன அன்றே, தான் மீன் விற்கும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் முழுக்க அவள் தம்பட்டம் அடித்துவிட்டாள். 'எம் பொண்ணு மெஷின்ல போட்டுப் பாத்துட்டா, ஆத்து மீனு அம்சமா கீதாம்' என்று சொல்லிச் சொல்லியே விற்றாள். கூடையும் சீக்கிரம் காலியாயிற்று. அப்படிப்பட்ட நல்ல சேதிக்கு இந்தப் பெண் ஏன் கண்ணைக் கசக்குகிறது?

விஷயம் இதுதான். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கிறது, தொழிற்சாலை எண்ணெய் மிதக்கிறது. அதில் வளரும் மீனைத் தின்கிறவர்கள் உடம்புக்குள் என்ன போகிறது என்று பார்க்கத்தான் மாநில அரசு பவானியின் துறைக்குப் பணம் கொடுத்திருந்தது. முதல் கட்டத்தில் ஏதாவது தென்பட்டால்தான் இரண்டாம் கட்டம். அந்த இரண்டாம் கட்டத்தில்தான் பவானியின் டாக்டர் பட்டம் இருந்தது. சேற்றையும் தண்ணீரையும் அவளே படகில் போய் எடுப்பாள். மீன் மட்டும் வீட்டுப் பொறுப்பு. அப்பா கோதண்டம் விடியற்காலையில் ஆற்றில் வலை போட்டு மடவை மீன் கொண்டுவருவார். அம்மா அதை ஐஸ் பெட்டியில் அடுக்கி வைப்பாள். பவானி வந்து சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவாள். மாதா மாதம் இப்படித்தான் நடந்தது.

"சேத்துல விஷம் கீது. தண்ணில கீது. அந்த சேத்தையே மேயிற மீன்ல மட்டும் இல்ல. எப்டிம்மா? மெஷினைச் சரி பாத்தோம். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தோம். எங்க சாருக்கே புரியல."

அங்கம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

"ஏன்டி, மடவைன்னா எல்லாம் ஒண்ணுதானே? ஆத்து மடவை, கடல் மடவைன்னு மெஷினுக்கு இன்னா தெரியும்?"

"மெஷினுக்குத் தெரியாது. நம்மதான் ஆத்து மீனைக் குடுக்கணும். ஏன் கேக்குற?"

அங்கம்மா ஏன் கேட்டாள் என்று புரிய வேண்டுமானால் அவள் குணம் தெரிய வேண்டும். வாய் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. கல்யாண வீடு, டாக்டர் வீடு என்று யாராவது மீன் கேட்டால் தன் கூடையைத் தொடவே மாட்டாள். காசிமேட்டுத் துறைமுக ஏலத்தில் போய் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் பளபளக்கிற கடல் மீனாக வாங்கி வந்து கொடுப்பாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல மீன் கொடுப்பதுதான் மீன்காரிக்கு மானம். ஆற்று மீனில் சேற்று வாடை அடிக்கும், சில நாள் மண்ணெண்ணெய் வாடையும் அடிக்கும். கவர்மெண்டே பணம் போட்டு, படித்த பெரிய மனிதர்கள் கூடி நின்று பார்க்கிற இடத்துக்கு அதையா அனுப்புவது? பவானி எந்த முகத்தோடு பெட்டியைத் திறப்பாள்? மீன் முதுகில் ஊர் பேர் எழுதியா இருக்கிறது?

"நா மாத்தி வெச்சேன்டி," என்றாள் அங்கம்மா.

"இன்னாத்த?"

"மீனைத்தான். உனுக்குக் குடுத்ததெல்லாம் காசிமேட்டு மடவை. மொத தரம். உங்க சாரு பாத்தா நல்லா இருக்கட்டுமேன்னு."

பவானியின் அழுகை நின்றது. கத்துவாள் என்று அங்கம்மா எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பும் நின்றுவிட்டது.

"எல்லா மாசமுமா?"

"எல்லா மாசமும்தான்."

"ஐயோ, கலீஜான மீனுதாம்மா எனுக்கு வேணும். அது எவ்ளோ கலீஜுன்னு காட்டத்தான் பணமே குடுத்தாங்க."

"நம்ம வூட்டு கலீஜை யாராச்சும் ஊருக்குக் காட்டுவாங்களாடி?"

பவானி அம்மாவை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகளின் படிப்பில் மண்ணைப் போட்டோம் என்று அங்கம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. நல்லது செய்யப்போய் இப்படியும் ஆகுமா?

"உங்க சாரு கால்ல வுழறேன்டி. எம் மேலதான் தப்புன்னு சொல்றேன். மறுபடியும் மொதல்லேர்ந்து பாக்கச் சொல்லு."

"நானே போய்ச் சொல்றேன். சொல்லாம இருக்க முடியாது. ஆனா கணக்கை முடிச்சிட்டாங்கம்மா. ஒழுங்கா மீனு எடுக்கத் தெரியாதவங்களுக்குத் திரும்ப எதுக்குப் பணம்னு கேட்டா இன்னா சொல்றது?"

சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ நைனா புடிச்சாந்த ஆத்து மீனை இன்னா பண்ண?"

"ரயில்வே கேட்டாண்ட வித்தேன். மிச்சத்தைக் கொழம்பு வெச்சேன். நீ பொட்டி எடுக்க வர்ற அன்னிக்கெல்லாம் மடவைக் கொழம்புதானே? இன்னும் கொஞ்சம் ஊத்தும்மான்னு கேட்டுக் கேட்டுச் சாப்டியே கண்ணு."

இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். இன்றைக்கும் அதே குழம்புதான் மூடி வைத்திருந்தது.

மறுநாள் காலை பவானி சாரைப் பார்க்கப் போனாள். அங்கம்மா வழக்கம்போலக் கூடையோடு ரயில்வே கேட்டுக்குப் போனாள். கோதண்டம் வலையில் பட்டதை விற்காமல் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஆனால் கூடையைத் திறக்கக் கை வரவில்லை. ஈரச்சாக்கை மேலே போட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

வியாசர்பாடி பச்சையம்மா வந்தாள், பழைய வாடிக்கை. மருமகள் ஷாலு மாசமாக இருக்கிறாள்.

"ஆத்து மடவை கீதா அங்கம்மா? ஷாலு ஆசையா கேக்குது. உம் பொண்ணே பாத்து நல்லதுன்னு சொல்லிக்கீதேன்னு ஓடியாந்தேன்."

அங்கம்மா சாக்கின் மேல் கையை வைத்தாள். இந்த மீன் நல்லதா, கெட்டதா? அவளுக்குத் தெரியாது. அவ்வளவு படித்த பவானிக்கும் தெரியாது. பணம் போட்ட அரசாங்கமோ, தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டது.

"வேணாம் பச்சையம்மா. ஷாலுக்கு இது வேணாம்."

"ஏன், உம் பொண்ணு பாத்துச்சுன்னியே?"

"அது பாத்தது வேற மீனு."

பச்சையம்மாவுக்கு விளங்கவில்லை. கூடையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இந்த மீனை யாருதான் பாத்தா?"

"நாமதான்," என்றாள் அங்கம்மா. "தின்னு பாத்துகினு கீறோம்."