மூன்று முறை பூச்சி மருந்து

மகளுக்கு ஒன்பது வயது. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் பேரே ‘வாலு’. மூன்று மாதமாக வயிற்றுவலி, சாயங்காலமானால் காய்ச்சல். பூச்சி மருந்து மூன்று முறை கொடுத்தாயிற்று. “பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறா” என்றார் அப்பா.

அம்மா தையல்காரி. பழைய கவுனை மாட்டிவிட்டபோது அது தோளில் தொளதொளவென்று தொங்கியது. வயிற்றிலோ ஜிப் ஏறவில்லை. உடம்பு இளைத்து வயிறு மட்டும் வீங்கியிருப்பதை அம்மா கண்டுகொண்டாள். அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஸ்கேனில் வயிற்றுக்குள் நீரும், குடலைச் சுற்றி நெறிக்கட்டிகளும் தெரிந்தன. “புற்றுநோயாவும் இருக்கலாம்” என்றார் சர்ஜன். குழந்தைகள் டாக்டரம்மா மட்டும் படத்தைக் கீழே வைக்கவேயில்லை.

“வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?”

“இல்லீங்க” என்றாள் அம்மா.

கதவோரம் நின்ற அம்மாவின் தம்பி தலையைக் குனிந்தான். அவர்கள் வீட்டில்தான் அவனும் இருந்தான். வாலு அவன் மடியில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள்.

“எனக்கு இருக்கு டாக்டர். போன வருஷம் டி.பி.ன்னு மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல நல்லாயிடுச்சேன்னு நிறுத்திட்டேன். அக்காகிட்ட சொல்லல.”

அக்கா கையை ஓங்கினாள். டாக்டரம்மா குறுக்கே வந்தார். “திட்டறதெல்லாம் அப்புறம். இவர் இப்ப வாயைத் திறந்ததே பெரிய உதவி. தம்பி, மாஸ்க் போட்டுட்டு முதல்ல சளி டெஸ்டுக்குப் போங்க.”

“வாலுவோட நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னாங்களே?” என்றார் அப்பா.

“டி.பி. வயித்துலயும் வரும். குழந்தைங்ககிட்ட கிருமி லேசுல அகப்படாது; வயித்து நீர்லயும் கிடைக்கல. சின்ன ஓட்டை போட்டு நெறிக்கட்டியில துளி எடுத்துப் பார்க்கணும். புற்றுநோயா இல்லையான்னும் அதுல தெரிஞ்சிடும்.”

எடுத்தார்கள். முடிவு வர நாலு நாள். அம்மா பச்சைத்தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. தம்பி வார்டு வாசலைத் தாண்டாமல் வெளியிலேயே கிடந்தான். அவன் சளியில் கிருமி இருந்தது. அக்கா அவன் பக்கம் திரும்பவேயில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். “டி.பி.தான். ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது.”

“அப்பாடா!” என்று சொல்லிவிட்டு அம்மா விக்கி விக்கி அழுதாள். அப்பா மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “நடிக்கிறான்னு சொன்னேனே” என்றார்.

மூன்றே வாரத்தில் காய்ச்சல் விட்டது. இரண்டாம் மாதம் வாலு தட்டை நீட்டி இன்னும் கேட்டாள். தம்பிக்கும் மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. தினமும் காலையில் அக்கா அவனிடம் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவாள்.

“முழுங்கிட்டியா? வாயைத் திற.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாலுதான் எட்டிப் பார்த்து, “நாக்கைத் தூக்கு மாமா, அடியில ஒளிச்சிருப்பே” என்பாள்.