ஒன்பது வருஷத்து ஸ்டாம்ப்

பென்ஷன் ஆபீஸ் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு டிம்ப்னா கடைக்குள் நுழைந்தபோது அவள் ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அயர்லாந்தில், பாலினா என்ற ஊரின் ஆற்றோரத் தெருவில் இருக்கும் அந்தப் பள்ளிச் சீருடைக் கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். கடைக்காரி அட்ராக்டா கில்வரி அவளைவிட இரண்டு வயது மூத்தவள். முதலாளி, வேலைக்காரி என்பதெல்லாம் சம்பளக் கவர் கைமாறும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். மற்ற நேரமெல்லாம் நீ, நான்தான்.

"இந்தக் கூத்தைப் பாரு," என்று கடிதத்தைக் கவுண்டரில் போட்டாள் டிம்ப்னா. "தொண்ணூத்தொண்ணுலேர்ந்து ரெண்டாயிரம் வரைக்கும் நான் வேலையே பாக்கலையாம். ஒரு ஸ்டாம்ப்கூட இல்லையாம். அப்போ ஒன்பது வருஷம் எங்க இருந்தேனாம்? ஹவாய்லயா?"

வாராவாரம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, முதலாளி தன் பங்கையும் போட்டு அரசாங்கத்துக்குக் கட்டும் காப்பீட்டுப் பணத்துக்கு அந்த ஊரில் ஸ்டாம்ப் என்றுதான் பெயர். எத்தனை ஸ்டாம்ப் சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்ற பென்ஷன்.

அட்ராக்டா கடிதத்தைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தேவையே இருக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கடை திறந்து, பாதி விலைக்குச் சீருடை விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தடவை கட்ட வேண்டிய ஸ்டாம்ப் பணத்தை எடுத்துத் துணி மொத்த வியாபாரிக்குக் கொடுத்தாள் அட்ராக்டா. அடுத்த தடவை சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை கூரை ஒழுகியது. அதற்கப்புறம், புதிதாகக் கட்டப்போனால் பழையதைக் கேட்பார்களே என்ற பயத்தில் டிம்ப்னா பெயரில் கட்டுவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் பிடிப்பதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கவரின் மேல் தன் உருண்டை எழுத்தில் 'ஸ்டாம்ப் கழித்தது' என்று எழுதித்தான் கொடுத்தாள். இரண்டாயிரத்தில் ஒரு கணக்கரை வைத்தபின் எல்லாம் ஒழுங்காயிற்று. அதற்கு முந்தையதை யாரும் கேட்கவில்லை. நாளாக ஆக அவளுக்கே அது மறந்துபோனது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு ஆளே இல்லை.

"அவங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்," என்றாள்.

"அதானே பாத்தேன்!" டிம்ப்னா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீயே ஒரு லெட்டர் எழுதிக் குடு. உன் எழுத்துதான் பாதிரியார் எழுத்து மாதிரி இருக்கும். பாத்தாலே பயப்படுவானுங்க."

பதினாலு மாசத்தில் ஆறு கடிதம் எழுதினார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், டீயும் பிஸ்கட்டும் நடுவில் வைத்துக்கொண்டு.

"தூங்குமூஞ்சிங்களான்னு ஒரு வார்த்தை சேத்துக்கோயேன்."

"அதெல்லாம் எழுதக்கூடாது, டிம்ப்னா."

"அப்போ மதிப்பிற்குரிய தூங்குமூஞ்சிகளேன்னு மரியாதையாவே போடு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தானும் சேர்ந்து சிரித்ததை நினைத்தால் பின்னாளில் அட்ராக்டாவுக்கு உடம்பு கூசும்.

குறைச்சலாக வந்த பென்ஷன் வீட்டைச் சூடாக்கவே சரியாக இருந்தது. டிம்ப்னா அறுபத்தேழு வயதில் ஆரம்பப் பள்ளியில் வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது, வீங்கிய முழங்காலை இழுத்துக்கொண்டு அவள் திரும்பி வருவது அட்ராக்டா கண்ணில் படும். ஒருநாள் ஒரு கவரில் பணம் போட்டு நீட்டினாள். டிம்ப்னா வாங்கவில்லை.

"நான் என்ன பிச்சைக்காரியா? என் காசு அந்த ஆபீஸ்ல கெடக்கு. அதை வாங்காம விடமாட்டேன்."

ஆறாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த வருஷங்களின் சம்பளப் புத்தகங்கள் கடையில் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"வழிக்கு வந்துட்டானுங்க!" என்று பதிலை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள் டிம்ப்னா. "எடு புத்தகத்தை!"

"அதெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சே."

"எந்த வெள்ளம்? ஆறு கடைக்குள்ள வந்துச்சே, அதுவா? நல்லா சொன்னே போ! அந்தப் பெட்டிங்களை மாடிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான். நீ கீழ பாவாடைங்களைக் காப்பாத்திட்டு இருந்தே. ஒரு பேப்பர்கூட நனையலியே..."

சிரித்துக்கொண்டே சொன்னவள் நிறுத்தினாள். அட்ராக்டா, ஏற்கெனவே மடித்திருந்த ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அட்ராக்டா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிடிச்சியே."

"பிடிச்சேன்."

"அது எங்க போச்சு?"

"துணிக்காரனுக்கு. அப்புறம் கூரைக்கு. கட்டிடலாம்னுதான், டிம்ப்னா..."

டிம்ப்னா கோட்டை எடுத்தாள். ஒரு கை உள்ளே நுழையமாட்டேன் என்றது. உதவப்போன அட்ராக்டாவிடம், "தொடாதே," என்றாள். கோட்டை அரைகுறையாக மாட்டியபடியே வெளியே போய்விட்டாள்.

மறுநாள் அட்ராக்டா கடையைத் திறக்கவில்லை. மாடியிலிருந்து பெட்டிகளை இறக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். எதிரே உட்கார்ந்திருந்தது ஓர் இளம்பெண். இத்தனை பதிலிலும் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"உங்களுக்கு வந்த ஆறு லெட்டரையும் எழுதினது நான்," என்றாள் அட்ராக்டா. "தப்பும் என்னுதுதான்."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"நேத்து வரைக்கும் தெரியாது."

அந்தப் பெண் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "பிடிச்சதுக்கு ஆதாரம் இருந்தா வேலை பாத்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது. கட்டவேண்டியது நீங்கதான்," என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "முதல் தடவை அவங்க கேட்டப்பவே வந்திருந்தீங்கன்னா சீக்கிரமே முடிஞ்சிருக்கும்," என்றாள்.

பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டுவதற்கு, கடைக்கு மேலே தான் குடியிருந்த வீட்டை அட்ராக்டா விற்றாள். டிம்ப்னாவுக்கு முழு பென்ஷனும் விட்டுப்போன தொகையும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தன. பள்ளி வேலையை அவள் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு அட்ராக்டா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டிம்ப்னா திறந்தாள். வாசலை விட்டு நகரவில்லை.

"பணம் வந்துடுச்சு. இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்லீங்க."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு 'ங்க' வந்ததில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன், டிம்ப்னா."

"பணத்துக்கா? கடை நொடிச்சிருந்தா எனக்கும்தான் வேலை போயிருக்கும். அதுகூடவா எனக்குப் புரியாது? அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு டீயைப் போட்டிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "லெட்டர் எழுதிட்டிருந்தப்போ ஒருநாள் அந்த ஆபீஸ் பொண்ணைப் போன்ல திருடின்னு கத்தினேன். நீங்க பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி வெச்சீங்க. நேத்துதான் போய் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். பாவம், எழுந்து எனக்கு நாற்காலி போட்டா."

கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு இருவரும் போவார்கள். ஒருநாள் அட்ராக்டாவுக்கு டிம்ப்னாவின் பின் வரிசையில்தான் இடம் கிடைத்தது. பூசையின் நடுவில் எல்லோரும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும் நேரம் வந்தது. டிம்ப்னா இடப்பக்கத்துக் கிழவருக்குக் கை கொடுத்தாள். வலப்பக்கத்துக் குழந்தைக்குக் குனிந்து கொடுத்தாள். பிறகு திரும்பி அட்ராக்டாவுக்கும் நீட்டினாள்.

"சமாதானம்," என்றாள், எல்லோரிடமும் சொன்ன அதே குரலில். அட்ராக்டா பதில் சொல்வதற்குள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.