மாஓமாஓ அழுத சாயங்காலம்

தமலிகி மரம் நான் நினைத்த பக்கம் விழவில்லை. சேம்பு நட இடம் பண்ணத்தான் வெட்டினேன்; அது என் வலது காலைப் பிடித்துக்கொண்டது. பயத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான் அந்தச் சனியன் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது, ஒரு மாஓமாஓ. எங்கள் சமோவாவின் மலைக்காட்டை விட்டு வெளியே வராத கறுத்த பறவை. பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல் அழும். நான் "ஆ" என்றால் அதுவும் இழுக்கும், நான் நிறுத்தினால் நிறுத்தும்.

கீழே பாதையில் ஊர்த்தலைவர் புலேயாஃபாவும் பக்கத்து வீட்டு பெனியமினாவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யாரோ கத்துற மாதிரி இல்லீங்க?"

"மாஓமாஓடா. நீ பாடுறதுக்கு இது தேவலை, நட."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மரத்தையே கடித்திருப்பேன்.

மழை மேகம் இறங்கியது. ராத்திரி இங்கேயே கிடந்தால் விடிவதற்குள் செத்துவிடுவேன் என்று தெரிந்தது. மாலைச் சங்கு கேட்டது. சங்கு ஊதிவிட்டால் ஊரே வீட்டுக்குள் ஜெபத்தில் இருக்கும். காவல் நிற்கும் வாலிபர்களைத் தவிர ஈ காக்கை நடமாடாது. அந்த அமைதியில் நான் எப்படி அழுதாலும் பறவைதான். பறவையால் முடியாததைத்தான் செய்யவேண்டும்: காவல்காரர்களைக் கோபத்தோடு ஓடிவர வைக்கும் வசவு.

"ஏ புலேயாஃபா! பன்னித் தலையா! உன் தலைவர் பட்டத்தைக் கொண்டுபோய்ப் பன்னிக் கொட்டில்ல கட்டுடா!"

தலைவரின் தலையைப் பழித்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்துவார்கள். தெரிந்துதான் கத்தினேன்.

காவல் வாலிபர்கள் தடிகளோடு ஓடிவந்தார்கள், என்னை அடிக்க. மரத்தைப் பார்த்ததும் அந்தத் தடிகளாலேயே நெம்பினார்கள். புலேயாஃபாவும் வந்தார். அவரே கிளைக்குத் தோள் கொடுத்தார். கால் வெளியே வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

விடியுமுன் என் மனைவி ஃபொலோலே என்னை அவர் வீட்டு வாசலுக்கு இழுத்துவந்து உட்காரவைத்து, எங்கள் கல்யாணப் பாயால் தலையோடு மூடினாள். எங்கள் வழக்கப்படி, அவர் பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் எங்களுக்கு ஊர் இல்லை.

"இன்னொரு தடவை வாயத் தொறந்தே, நானே கொன்னுடுவேன்," என்றாள் அழுதுகொண்டே.

வெயில் ஏறியது. மூச்சு முட்டியது. மரத்தடியே தேவலை என்று தோன்றியது. அங்கே கத்தவாவது முடிந்தது.

காலடிச் சத்தம் வந்து நின்றது. பாயின் ஓரம் மட்டும் உயர்ந்தது.

"கொஞ்சம் நகருடா. நேத்து மாஓமாஓன்னு சொன்னவன் நான்தானே," என்றார் புலேயாஃபா. குனிந்து உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயைத் தன் தலைக்கும் இழுத்துக்கொண்டார்.