இடது குதிகால் முதலில் தேயும்

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் வாய் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஒசாகாவில், உமேதா ஸ்டேஷனை ஒட்டிய கட்டடத்தில் பதினோராவது மாடியில் எங்கள் ஆபீஸ். நான் செய்வது தரகு வேலை. ஒரு அம்மா எங்கள் தளத்தில் திறந்த தன் வலைப்பக்கத்தில் பிள்ளையின் ஷூவைப் பற்றி எழுதுவாள், கீழே கடையின் லிங்க்கைப் போடுவாள். அதை அழுத்தி யாராவது வாங்கினால் அவளுக்குக் கமிஷன். கடைக்கும் அவளுக்கும் நடுவே நிற்பது நாங்கள். குழந்தைகள் பொருள் பிரிவு பதினான்கு வருஷமாக என் கையில் இருக்கிறது.

இந்தப் பிரிவில் யாரும் நிலைக்க மாட்டார்கள். பிள்ளை வளர்ந்ததும் எழுத ஒன்றும் இருக்காது, விலகிவிடுவார்கள். விலகுகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் காரணம் கேட்போம். நேரமில்லை, வேறு நிறுவனத்துக்குப் போகிறேன், குழந்தை வளர்ந்துவிட்டது, விதிமீறல், இதர என்று வரிசையாக இருக்கும். பாதிப் பேர் மூன்றாவதைத்தான் தொடுவார்கள். அப்படித் தொட்டால் தானாகவே ஒரு வாழ்த்துக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படி வளர்ந்துபோகாமல் ஆறு வருஷம் என்னோடு இருந்தவள் கெய்தா அம்மா. ஹிமேஜியில் வீடு. பெயர் நிஷிவாகி மிசுஹோ என்பது எங்கள் பதிவேட்டில் இருந்தது, ஆனால் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் தொழிலில் சொந்தப் பெயருக்கு வேலை கிடையாது. ஜூன் மாதம் ஹோட்டலில் நடக்கும் வருஷக் கூட்டத்துக்குக்கூட வலைப்பக்கத்தின் பெயரைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்கள். இன்னாருடைய அம்மா, இன்னாருடைய அப்பா, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் முகத்தையும் யாரும் காட்டுவதில்லை. முதுகைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் முகத்தின் மேல் ஒரு கரடிப் பொம்மைப் படத்தை ஒட்டிவிடுவார்கள். கெய்தா அம்மா முதல் வருஷக் கூட்டத்தில் தன் போனில் மகன் படத்தை எனக்குக் காட்டினாள். இரண்டு வயசு, கன்னமெல்லாம் சோற்றுப் பருக்கை. இதைப் போடலாமா என்று கேட்டாள். நான்தான் திட்டினேன். கண்டவனும் பார்க்கிற இடம், காலை மட்டும் போடு, ஷூ விற்கக் கால் போதும் என்றேன். அவள் நான் சொன்னபடியே செய்தாள்.

அவள் எழுத்துக்கு மயங்காத கடைக்காரர் இல்லை. புது ஷூவை வாங்கியதும் படம், ஒரு மாதம் கழித்து ஒரு படம், மூன்று மாதம் கழித்து அடிப்பாகத்தைத் திருப்பி ஒரு படம். 'இவன் இடது காலை இழுத்து நடக்கிறவன், அதனால் இடது குதிகால் முதலில் தேயும்' என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவாள். மட்டமான ஷூவை மட்டம் என்றே எழுதுவாள். பதின்மூன்று சென்டிமீட்டரில் ஆரம்பித்தது, பதினைந்து, பதினாறு என்று ஏறி, போன மார்ச்சில் பத்தொன்பதரைக்கு வந்திருந்தது. நானும் அந்தப் பையனோடு கூடவே வளர்ந்ததுபோல எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் தொழில் தலைகீழாகிவிட்டது. பொருளைக் கண்ணால் பார்க்காதவன்கூடக் கணினியை விட்டு நாளைக்கு நூறு விமர்சனம் எழுதவைக்கிறான். கடைக்காரர்கள் பயந்துபோய், பயன்படுத்தியதற்கு ஆதாரம் கொடு என்று எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து சியோலிலிருந்து ஒரு பெரிய ஷூ கம்பெனி வந்தது. எங்கள் ஆட்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, கொரியாவிலும் தைவானிலும் அவர்கள் எழுத்தை மொழிபெயர்த்துப் போடுவதாகத் திட்டம். நிபந்தனை ஒன்றுதான். பிள்ளை அந்த ஷூவோடு நடக்கிற வீடியோ, பத்து விநாடி. முகம் வேண்டாம், முழங்காலுக்குக் கீழே போதும். ஜூன் முடிவதற்குள் கொடுக்காதவர்களின் பக்கத்தை எங்கள் தளத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் மேனேஜர் தெராவோவும் சொல்லிவிட்டார்.

அந்தப் பத்துப் பேரில் முதல் பெயராகக் கெய்தா அம்மாவைப் போட்டேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மற்ற ஒன்பது பேரும் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். இவள் மட்டும் இழுத்தாள். முதலில் காய்ச்சல் என்றாள், அப்புறம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்றாள், அப்புறம் அவனுக்குக் கூச்சம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பத்து விநாடி நடக்கவைக்கத் தெரியாத நீ என்ன அம்மா என்று விளையாட்டாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு 'மன்னிக்கணும், கூட்டத்துல நேர்ல பேசறேன்' என்று வந்தது.

கூட்டம் மத்தியானம் ஒரு மணிக்கு. வழக்கம்போலப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் கெய்தா அம்மா நின்றிருந்தாள். வழக்கம்போல எனக்கு ஹிமேஜியிலிருந்து அரிசி முறுக்கு டப்பாவும் கொண்டுவந்திருந்தாள். சியோல் கம்பெனியிலிருந்து நம்குங் என்ற அம்மாள் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஜப்பானியம் நன்றாகப் பேசுவார். நான் கெய்தா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். இருவரும் குனிந்து கார்டு மாற்றிக்கொண்டார்கள். கெய்தா அம்மாவின் கார்டில் பெயருக்குப் பதில் இரண்டு குட்டி ஷூக்கள்தான் அச்சாகியிருக்கும்.

நம்குங் அம்மாள் ஒரு பையை இரண்டு கைகளாலும் நீட்டினார். உள்ளே நீல ஷூ, இருபது சென்டிமீட்டர்.

"உங்க எழுத்த ஆரம்பத்துலேருந்து படிச்சுட்டேன். இப்ப இந்த சைஸ்தானே இருக்கும்? கணக்குப் போட்டு நானே எடுத்தேன்" என்றார்.

கெய்தா அம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். முன்பல் விழுந்து முளைத்துவிட்டதா என்று நம்குங் அம்மாள் கேட்டார். முளைத்துவிட்டது என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அதைக் கண்டுகொண்டால்தானே.

"அப்படி என்ன ராஜகுமாரன ஒளிச்சு வச்சிருக்க? அடுத்த வருஷம் கூட்டிட்டு வா, அந்த மூஞ்சியப் பார்த்தே ஆகணும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெளியே வாங்க மகினோ சான் என்றாள். மகினோ என் பெயர், சான் மரியாதைக்குச் சேர்ப்பது.

கோட்டும் குடையும் வைக்கிற சின்ன அறை. ஜூன் மழைக்கு எல்லாக் குடையும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பதினாலரையோட நின்னுட்டான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன நின்னுட்டான் என்று கேட்டேன். அந்தக் கேள்வியையும் கேட்டேனே.

"இறந்துட்டான் மகினோ சான். ரெண்டு வயசு பத்து மாசம். மூளைக்காய்ச்சல். நாலே நாள்."

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கதை. பிறகு அவள் சொன்னதெல்லாம் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே நேரக்கூடியது. தள்ளுபடியில் அடுத்த சைஸை முன்கூட்டியே வாங்கி, படம் எடுத்து, கட்டுரையும் எழுதி, இன்ன தேதிக்கு வெளிவரட்டும் என்று போட்டுவைப்பது எல்லோருடைய பழக்கம். கெய்தாவின் பதினைந்து சென்டிமீட்டர் ஷூ கட்டுரை அவனை எரித்த அன்று காலையில் தானாக வெளிவந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்திருக்கிறாள். முந்நூறு அம்மாக்கள் எழுதியிருந்தார்கள். அடேயப்பா, அதுக்குள்ள பதினஞ்சா, நல்லா வளர்றானே என்று.

"அழிக்கத்தான் போனேன். ஆனா ஊருல ஒரு இடத்துலயாவது அவன் வளர்ந்துட்டிருந்தான். எனக்குக் கை வரல."

ஷூ எப்படித் தேய்ந்தது என்று கேட்டேன். பதினான்கு வருஷ வேலைப் புத்தி, அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டது.

அவள் ஷூவைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளையும் அதற்குள் விட்டு, சுவரில் மெதுவாக ஒவ்வொரு அடியாக வைத்துக் காட்டினாள். இடது கையை லேசாக இழுத்தாள். தினமும் காலையில் ஆற்றங்கரைச் சிமென்டுப் பாதையில் மண்டிபோட்டு இப்படி நடப்பாளாம். நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்களாம், இப்போது வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். புருஷன் ஒன்றும் கேட்டதில்லை. வாசலில் அந்த ஷூவை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போவாராம்.

"தேஞ்சது பொய்யில்ல. நான் மட்டமான ஷூவ நல்லதுன்னு ஒருநாளும் எழுதல" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அதுதான் மனுஷி செய்கிற வேலை. என் மண்டையோ வேறு கணக்குப் போட்டது. மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள். வீடியோ இல்லாவிட்டால் அவள் பக்கம் போய்விடும், கெய்தா வளர்கிற அந்த ஒரே இடமும் போய்விடும். எப்படியாவது அதைக் காப்பாற்ற வேண்டும். வாய் திறந்துவிட்டது.

"என் தங்கச்சி பையனுக்கு எட்டு வயசு. இதே சைஸ்தான். முழங்காலுக்குக் கீழதான கேக்கறாங்க? பத்து செகண்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கைகள் ஷூவுக்குள் அப்படியே நின்றுவிட்டன. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வேற பிள்ளையோட காலயா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் யாரையும் கெய்தாவின் இடத்தில் வைக்கவில்லை. அந்த ஷூவுக்குள் அவள் கையைத் தவிர வேறு எதையும் விட்டதில்லை. அதை நான் ஒரே பேச்சில் ஏமாற்று வேலை ஆக்கிவிட்டேன். மிசுஹோ, மிசுஹோ என்று என்னவோ உளறினேன். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்கிறேன், சொல்லவேண்டிய நேரமா அது?

அவள் ஷூவைத் துடைத்துப் பையில் வைத்தாள். கைக்குட்டையை எடுத்து என் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

"உங்க மேல வருத்தமில்ல. இன்னொரு பிள்ளை நடந்தாத்தான் இவன் இருக்க முடியும்னா, போதும். மூடிருங்க. என்னால அந்தப் பட்டனை அழுத்த முடியாது, நீங்களே செஞ்சிருங்க" என்றாள்.

கதவருகில் போய்த் திரும்பினாள். "விலகறப்ப காரணம் கேப்பீங்கள்ல. மத்தவங்க எல்லாம் மூணாவது போடுவாங்கன்னு சொல்லியிருக்கீங்க. எனக்கும் அதையே போடமுடியுமா?"

தெரியாது, பார்க்கிறேன் என்றேன். அப்போதும் நேராக ஒரு பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸில் அவள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதரை வரை எல்லா ஷூவும் வரிசையாக இருந்தது. நான் அழுத்தினால் அத்தனை லிங்க்கும் செத்துவிடும். தெராவோ வந்து தோளுக்குப் பின்னால் நின்று, ஆதாரம் கொடுக்கவில்லையா, அப்படியானால் விதிமீறல் என்று போடு என்றார். அவர் சொன்னது சரிதான். அவளை நம்பி எத்தனையோ அம்மாக்கள் வாங்கியிருக்கிறார்கள், நடந்தது பிள்ளையின் கால் என்று நினைத்து. அந்த விதியை மூன்று மாதத்துக்கு முன் எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

தெராவோ காபி எடுக்கப் போனார்.

காரணம் என்ற இடத்தில் மூன்றாவது வரியைத் தொட்டேன். குழந்தை வளர்ந்துவிட்டது. உறுதிசெய் என்பதை அழுத்தினேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்த வாழ்த்துக் கடிதம் நினைவுக்கு வந்தது. ஐயோ என்று எழுந்தேன். நிறுத்த வழியில்லை, தானாகப் போகிற கடிதம், போய்விட்டது. 'நேற்றுத்தான் தத்தித் தத்தி நடந்தது போலிருக்கிறது, அதற்குள் இவ்வளவு பெரியவனாகிவிட்டான், உங்கள் செல்வத்துக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்' என்று என் கையால் எழுதியது. கர்வப்பட்ட கடிதம். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது அவளிடமிருந்து பதில் வந்திருந்தது.

'ஆமா மகினோ சான், பெரியவனாயிட்டான். இத்தனை வருஷம் கூட இருந்து பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. சியோல் அம்மாகிட்ட சொல்லிடுங்க, ஷூ சரியா இருக்கு.'