மத்தியானம் வரைக்கும் நான் இல்லை

நாளிதழுக்குத் தினமும் கார்ட்டூன் போடுகிறவளுக்கு அன்று பேனா நகரவில்லை. என்ன செய்தி என்று தெரியும், அமைச்சரின் மூக்கு மனப்பாடம். ஆனாலும் தலைக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்த மாதிரி இருந்தது. ஆசிரியர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்ப் பழைய படம் ஒன்றைத் தூசி தட்டிப் போட்டார்.

அந்த வாரமே மறுபடியும் அப்படி ஆனது. வீட்டில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போதும், விட்டுடேன். வயசாகுதில்ல," என்றார் கணவர். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஆசிரியர் இன்னும் நாசூக்கு. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம். கம்ப்யூட்டர்ல வரையற புதுப் பையன் ஒருத்தன் இருக்கான்."

யாரிடமும் சொல்லாமல் நரம்பு டாக்டரிடம் போனாள். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"எப்போ தூங்குவீங்க?"

"ஆபீஸ்ல விட்டா."

"போன்?"

"தலைமாட்டுல."

"நடை?"

"பாத்ரூம் வரைக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்தக் கோளாறும் தெரியலம்மா. நீங்க மூளையைத் தூங்கவே விடல. அது என்ன பண்ணும்?"

நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக என் மண்டையைக் கண்டவனெல்லாம் எடுத்துப் புழங்கியிருக்கிறான், எனக்கென்று மிச்சம் வைக்கவில்லையே!

அன்று போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் வியர்க்க நடந்தாள். வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "மத்தியானம் வரைக்கும் நான் வீட்டுல இல்லன்னு நினைச்சுக்குங்க," என்றாள் கணவரிடம். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். முதலில் உருப்படியாக எதுவும் வரவில்லை. எதிர்வீட்டு நாயையே வரைந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு காலை, காகிதத்தில் கை வைத்ததும் அமைச்சர் தானாக வந்து உட்கார்ந்தார்.

ஆசிரியர் அலுவலகத்துக்கு அழைத்தார். "காலை மீட்டிங்ல போன்லயாவது இருக்கணும்."

"முடியாது சார். படம் மத்தியானம் வரும்."

"அப்போ அந்தப் பையனைத்தான் போடணும்."

"போடுங்க. அவனையாவது தூங்க விடுங்க."

நாளிதழில் அவள் படம் வரும் கட்டம் பையனுக்குப் போனது. அவளோ தினமும் வரைந்து அனுப்பினாள். எதுவும் அச்சாகவில்லை.

"உன் ஆசிரியர் போடவே மாட்டேங்கறார், எதுக்கு இந்தப் பாடு?" என்றார் கணவர்.

"போடறது அவர் இஷ்டம். வரையறது என் இஷ்டம்."

மறுநாளிலிருந்து கணவரும் அவளோடு நடக்க வந்தார்.

அமைச்சர் பதவி விலகிய காலையில் ஆசிரியரே வீட்டு வாசலில் நின்றார். பையன் போட்ட மூக்கு அமைச்சருடையதாகவே இல்லையாம். கணவர் கதவைப் பாதி திறந்தார்.

"வரைஞ்சிட்டிருக்கா. அப்புறம் வாங்க."

"அவசரம்ங்க!"

"அவசரம் உங்களுக்குத்தானே? உள்ள வந்து உக்காருங்க."

ஆசிரியர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவள் வெளியே வந்து படத்தை நீட்டினாள். அவர் பார்த்தார், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"முதல் பக்கம்," என்றார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் மீட்டிங்..."

"மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். மறுநாள் படம் முதல் பக்கத்தில் வந்தது. அவள் மீட்டிங்குக்குப் போகவில்லை.