எஞ்சின் சுவர் மெத்தை

அக்டோபர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். பீர்க்கடையின் பின்னறையில், கணப்புக்கு முதுகைக் காட்டியபடி பழைய வண்டிச் சங்கத்தின் தலைவர் இன்ஜினியர் கோவுட்னி. அவருக்கு வலப்பக்கம், சன்னல் வெளிச்சம் தாள்மேல் விழும்படி, செயலாளர் க்வாபிலோவா அம்மாள். கதவோரம் மெக்கானிக் ஹைனெக், அவர் காலடியில் அவருடைய நாய். எதிர்ப்பக்கத்து நீள பெஞ்சில் நான். அந்த பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வண்டி வெளியே முற்றத்தில், லிண்டன் மரத்தடியில் நின்றது. அதன் கூரைமேல் இலைகள் விழுவதை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அந்த மூவரின் வேலை. சான்று கிடைத்தால் வண்டிக்கு எண் கிடைக்கும், சாலையில் ஓடலாம். இல்லையென்றால் ஷெட்டில் நிற்க வேண்டியதுதான். என் வண்டி அறுபத்தேழாம் ஆண்டு ஷ்கோடா கார், எஞ்சின் பின்பக்கம். அப்பா வாங்கியது. அன்று முற்றத்துக்கே ஹைனெக்கின் டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுவந்திருந்தோம்.

"வெளிப்பக்கம் குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஹ்ரூபெஷ்" என்றார் கோவுட்னி. "சீட்டும் சரியான வருஷத்துச் சீட்டுதான். ஆனா தரைப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். அடியில என்னது அது?"

"ஃபோம்" என்றேன்.

"பின்சீட்டுக்குப் பின்னால, எஞ்சின் சுவர்ல?"

"அங்கயும் ஃபோம்தான்."

"படுத்து யோகா பண்ணலாம், இன்ஜினியரே" என்றார் ஹைனெக். "நான் கையை வச்சே பார்த்தேன். மெத்துனு இருக்கு."

"சத்தம் உள்ள வருதா?"

"ஒண்ணுமே வரல."

"அப்போ அது அறுபத்தேழாம் வருஷ வண்டி இல்ல" என்று கோவுட்னி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வண்டியில பின்சீட்டுல உக்காந்தவங்க பேசினது எஞ்சின் சத்தத்துல முன்சீட்டுக்குக் கேக்கவே கேக்காது. எங்க வீட்டுல இருந்துச்சே, எனக்குத் தெரியாதா? அசல் மெத்தைங்க கிழிஞ்சிருந்தா பரவாயில்ல, ஒட்டுப் போட்டிருந்தாலும் சரி. புதுசா வெட்டி வச்சா எப்படி? அசல் எங்கயாவது இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"தம்பிகிட்ட."

ஹைனெக் குனிந்து நாயின் காதைச் சொறிந்தார். க்வாபிலோவா அம்மாள் பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு, காப்பிக் கோப்பையை ஒரு தடவை திருப்பி வைத்தார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அப்பாவின் ஈமச்சடங்கு முடிந்த மறுவாரம் வண்டியை நானும் என் தம்பி பிளாஷெய்யும் பங்கு பிரித்தோம். விற்க இரண்டு பேருக்கும் மனமில்லை, மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "வெளியில உன்னோடது, உள்ள என்னோடது" என்று சொல்லிவிட்டு அவன் திருப்புளியோடு உள்ளே ஏறினான். சீட்டு, கதவு அட்டை, சாம்பல் கிண்ணம், தரை ஃபெல்ட், எஞ்சின் சுவர் மெத்தை என்று எல்லாவற்றையும் கழற்றினான். துருப்பிடித்த ஒரு போல்ட் வரவில்லை என்றபோது எண்ணெய்க் குப்பியை நானே எடுத்து நீட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் ப்ரெரோவில் இருக்கிறான், இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம்.

"அப்போ எழுதுங்க" என்றார் க்வாபிலோவா அம்மாள். "தெருவிளக்கு எரியலைன்னா நகராட்சிக்கு மூணு பக்கம் எழுதுறீங்க. தம்பிக்கு எழுத மாட்டீங்களா?"

ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்குள் அசல் மெத்தைகளோடு வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று. தவறினால் அடுத்த இலையுதிர் காலம்தான்.

எழுதினேன். முதல் பத்தியில் சங்கத்தின் முடிவு. இரண்டாவதில் தேவைப்படும் துண்டுகள், ஒவ்வொன்றும் வண்டியில் இருந்த இடத்தோடு. மூன்றாவதில் எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும், அஞ்சல் செலவு என்னுடையது என்பது. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்தபோது அது மட்டும் வேறு யாரோ எழுதியது போலிருந்தது. அதை விட்டுவிட்டுச் சுத்தப் பிரதி எடுத்தேன்.

கல்லறைத் திருநாளில் செவ்வந்திப் பூவோடு அப்பா அம்மாவின் கல்லறைக்குப் போனேன். கேட் திறந்தவுடனேயே போயிருந்தேன். அதற்குள் அங்கே ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எத்தனை சீக்கிரம் போனாலும் தம்பி முந்தியிருப்பான். கல்லின் வலது பாதியில் விளக்கை வைத்துவிட்டு இடது பாதியைக் காலியாக விட்டிருப்பான். அங்கே என் விளக்கை வைத்தேன். காற்று வந்தபோது இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தன.

பொதி அதற்கடுத்த வாரம் வந்தது. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, நான் எழுதியிருந்தபடியே மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டியிருந்தான். எல்லாத் துண்டுகளும் இருந்தன. கடிதம் இல்லை. விரிப்பை உதறினேன், அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன், கட்டிய தாளின் உட்பக்கத்தையும் பார்த்தேன். எலிப்புழுக்கைதான் விழுந்தது.

குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் அந்த ஃபெல்ட்டுகள்தான். சாப்பாட்டுத் தட்டைச் சன்னல் திண்டுக்கு மாற்றிவிட்டேன். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை, அதற்கு அந்த இடம் போதும்.

அந்தக் காலத்து ஃபெல்ட் பழந்துணியைப் பிய்த்து அழுத்திச் செய்தது. தண்ணீரில் நனைத்தால் கஞ்சியாகிவிடும். அதனால் அதன்மேல் மெல்லிய வலைத்துணியை விரித்து, தூசி உறிஞ்சியை மிகக் குறைவாக வைத்துத் தடவ வேண்டும். பிறகு ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியின் ஆவியை மட்டும் காட்டினால், மடிந்த இடம் மெல்ல நிமிரும். உடனே பலகை வைத்துப் பாரம் ஏற்றிவிட வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் தார் அட்டை விறைத்துப் போயிருந்தது. தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டிக் காட்டித்தான் அதை வளைத்தேன். எலி தின்ற இடங்களுக்கு ஒட்டுப் போட, காயலான் கடையில் நசுக்கப்போகும் ஒரு வண்டியிலிருந்து அதே கனத்தில் ஃபெல்ட் கொண்டுவந்து கொடுத்தார் ஹைனெக். ஓட்டையின் விளிம்பையும் ஒட்டின் விளிம்பையும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, மாவுப்பசை தடவித் தைத்தால் இணைப்பு கைக்குத் தட்டுப்படாது. தரைத் துண்டுகளை அப்படித்தான் ஒவ்வொன்றாக முடித்தேன்.

எஞ்சின் சுவர் மெத்தையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, மேசைக்கு வெளியே இருபக்கமும் தொங்கும். அதை விரித்த அன்று ஹைனெக் வந்திருந்தார். நாய் நேராக அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"இதுல பாதி முடிச்சுட்ட போலிருக்கே" என்றார், குனிந்து பார்த்து.

"இன்னும் கையே வைக்கல."

"அப்போ இந்த ஒட்டு?"

பார்த்தேன். வலது விளிம்பிலிருந்து ஒட்டுகள் வரிசையாக வந்தன. சரிவாகச் சீவி, பசையிட்டு, மெழுகு நூலால் தைத்தவை. நான் செய்வது போலவே, ஒருவேளை என்னைவிடச் சுத்தமாக.

"ஃபேக்டரியில போட்டிருப்பாங்களோ?"

"ஃபேக்டரியில யாருய்யா பூட்ஸை வெட்டி ஒட்டுப் போடுவான்?" என்றேன். ஒட்டுகளில் ஒன்றில் பழுப்பாகக் கருகிய ஒரு வட்டம் இருந்தது. அப்பாவின் குளிர்கால ஃபெல்ட் பூட்ஸ் அது. கணப்புக் கதவில் காலை நீட்டிக்கொண்டு தூங்கிப்போய் அவர் சுட்டுக்கொண்ட இடம். அம்மா அன்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

ஹைனெக் தையலை விரலால் தடவினார். "எல்லாம் அந்தப் பக்கமா சாயுது பாரு. நீ தைச்சா இந்தப் பக்கமா சாயும்."

"அவன் இடது கைக்காரன்."

"வண்டியே இல்லாதவன் மெத்தையை எதுக்குய்யா தைச்சான்?" என்று கேட்டார் ஹைனெக்.

"வண்டி இல்லாம இருந்த நானும்தானே பெயிண்ட் அடிச்சேன்."

"உன்கிட்ட வண்டி இருந்துச்சே."

"தகரம் இருந்துச்சு."

தையல் மெத்தையின் நடுவில் நின்றிருந்தது. நூல் தொங்கியது, ஊசி ஃபெல்ட்டிலேயே துருவேறி ஒட்டியிருந்தது. மனம் வெறுத்துப்போய் விட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த இடத்தைப் பார்த்தேன். வயர்களும் குழாயும் சுவரைத் துளைத்து வரும் இடம் அது. எலி சரியாக அங்கேதான் கூடு கட்டி, பழைய துளைகளின் அடையாளமே இல்லாமல் தின்று தீர்த்திருந்தது. மெத்தையை வண்டியின் சுவரில் வைத்து, துளைகள் எங்கே வருகின்றன என்று சுண்ணக்கட்டியால் குறித்தால்தான் அதற்கு மேல் ஒரு தையல்கூடப் போட முடியும். அதுவரைக்கும் முடித்திருந்தான். அவனிடம் இல்லாதது சுவர் மட்டும்தான். அது இங்கே, என் ஷெட்டில், கதவுக்குப் பூட்டு போட்டு இருந்தது.

"நீயே முடிச்சிடு, வெண்டா" என்றார் ஹைனெக், தொப்பியைப் போட்டுக்கொண்டே. "ஏப்ரல் வருது. நூல் எந்தப் பக்கம் சாயுதுன்னு கோவுட்னி சீட்டைக் கழட்டியா பார்க்கப்போறார்?"

"பார்க்க மாட்டார்."

"அப்புறம் என்ன?"

அவர் போன பிறகு மெத்தையை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தனியாகப் பிடிப்பது கஷ்டம். ஒரு ஓரத்தைத் தலையால் முட்டுக்கொடுத்து, மறு ஓரத்தை முழங்காலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் பொருந்தும்போது மறுபக்கம் சரிந்தது. கடைசியில் அதைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, துளைகளைப் பென்சிலால் வரைந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து, துருவேறிய ஊசியை ஆவி காட்டி எடுத்தேன். புது ஊசியில் அவன் விட்ட நூலையே கோத்து ஒரு தையல் போட்டேன். அது என் பக்கமாகச் சாய்ந்தது. பிரித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து எழுதினேன்.

"பிளாஷெய்,

துண்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. நீ நன்றாகக் கட்டியிருந்தாய். தரைத் துண்டுகளை முடித்துவிட்டேன்.

எஞ்சின் சுவர் மெத்தையை நான் முடிக்கவில்லை. ஊசி துருப்பிடித்திருந்தது, மாற்றியிருக்கிறேன். நூல் உன்னுடையதுதான், நீ விட்ட இடத்திலேயே இருக்கிறது. அப்பாவின் பூட்ஸ் நல்ல ஒட்டு.

துளைகளை வண்டியில் வைத்துத்தான் குறிக்க வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் குறிக்க வேண்டும். நான் செய்துபார்த்தேன், தனியாக முடியவில்லை. சனிக்கிழமைகளில் ஷெட்டைப் பூட்டுவதில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது?

வெண்டா"

கடிதத்தை மடித்தேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற பழக்கத்தில், சுவரில் எடுத்த அளவுத் தாளையும் மடித்து உறைக்குள் வைத்தேன். இணைப்பு, ஒன்று, என்று கடிதத்தின் அடியில் எழுதவும் பேனாவை எடுத்துவிட்டேன். அந்தத் தாள் கிடைத்தால் அவன் ப்ரெரோவிலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்வான். மெத்தையை அனுப்பு, முடித்துத் தருகிறேன் என்பான். அதுகூட எழுத மாட்டான். கடிதமே இல்லாமல் விரிப்பு மட்டும் போய்வந்தால் போதும் அவனுக்கு.

தாளை வெளியே எடுத்தேன். அடுப்பில் போட மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தேன். ஏப்ரல் சனிக்கிழமை வந்துபோனால் போகட்டும். இலையுதிர் காலம் இருக்கிறது.

உறையின் மடிப்பை நாக்கால் நனைத்து, விளிம்பிலிருந்து விளிம்புவரை கட்டை விரலால் அழுத்தி ஒட்டினேன். முகவரியை ஒரு தடவை சரிபார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, பனிச்சேற்றில் கால் வைக்காமல் சுவரோரமாக நடந்து, தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் தபால்பெட்டிக்குப் போனேன். அதன் வாயில் நேற்றைய பனி உறைந்திருந்தது. கையுறையால் தட்டி உதிர்த்துவிட்டு உறையைப் போட்டேன். பெட்டி காலியாக இருந்திருக்க வேண்டும். அடியில் விழுந்த சத்தம் கேட்டது.