எண்ணெய் டின்னில் நட்ட கன்னிக்கால்

பந்தல் தகரம் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் சொருகிக்கொண்டு நின்றது. கன்னிக்கால் டின்னோடு குப்புற விழுந்து, மணலையெல்லாம் வாசல் சிமெண்டில் கொட்டியிருந்தது. விடியற்காலைக் காற்றில், தீவுக்கும் அக்கரைக்கும் ஓடுகிற ஃபெரிகூட நின்றுபோயிருந்தது. ஆனால் செய்தி மட்டும் எப்படியோ கடலைத் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போய், மாப்பிள்ளையின் தாய்மாமா அம்பிகைபாகனைக் காரில் ஏற்றிப் பாலம் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கூடவே மாப்பிள்ளை பரமநாதனையும்.

முந்தாநாள்தான் தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். அன்றே பெண் வீட்டு வாசலில் முள்முருக்குக் கிளையை நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். கல்யாணம் முடியும்வரை அந்தக் கன்னிக்கால் நிற்க வேண்டும். இப்போது கல்யாணப் பெண் கனகேஸ்வரி, கையில் துடைப்பத்தோடு, அது விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்பிகைபாகன் காப்பியைத் தொடவில்லை. அதிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

"கன்னிக்கால் சாஞ்சா பொண்ணு ராசி சரியில்லன்னு அர்த்தம்லா, யோகம்மா. இப்ப வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா யோகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 'அப்புறம்' என்ற சொல் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. இதற்கு முன்பு பேசி வந்த இரண்டு சம்பந்தமும் அதே சொல்லோடுதான் வாசல்படி இறங்கிப் போயின. கனகேஸ்வரிக்கு முப்பத்தொன்று. இந்தத் தடவை வேறு ஒரு சங்கடமும் சேர்ந்திருந்தது. புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை பார்க்கும் இந்தப் பரமநாதனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அவனோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்கடிகார வாரைத் திருகிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் புயல் வரைகிற கை அவளுடையது. அந்தக் கை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தது.

"மாமா, இந்தக் காத்து எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு புயல் சுத்துது. நேத்து நியூஸ்ல காட்டுனாங்க. கடல் தண்ணி நல்லா சூடானா, ஈரக்காத்து மேல ஏறும். கீழ அழுத்தம் கொறஞ்ச எடத்துக்குச் சுத்தியிருக்கிற காத்தெல்லாம் ஓடி வரும். பூமி சுழலுறதால அதுவும் சுழலும். நாம பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கோம், அந்தச் சுழற்சி இங்க புடிக்காது. ஆனா அது அங்கேருந்து நம்ம பக்கத்துக் காத்தையும் சேத்து இழுக்கும். அந்த இழுப்புதான் நம்ம பந்தல் மேல போச்சு. என் ராசியக் கேட்டுட்டா போச்சு?"

"டீச்சருக்கு எல்லாத்துக்கும் ஒரு பாடம் இருக்குலா" என்று அம்பிகைபாகன் சிரித்தார்.

"எதிர்த்தாப்ல ரொஸ்னா வீட்டுக் கூரையும்தான் பறந்துச்சு. அவங்க வீட்ல யார் ராசி மாமா? இன்னொண்ணும் கேளுங்க. கடல் வரவர சூடாகிட்டே போகுதாம். புயல் எண்ணிக்கை கூடுமான்னு படிச்சவங்களே இன்னும் அடிச்சுச் சொல்லல. வர்றது பலமா வரும்ங்கிறாங்க. அப்ப ஒவ்வொரு காத்துக்கும் ஒவ்வொரு பொண்ணா தேடுவீங்களா?"

"கனகு!" என்றாள் யோகம்மா.

"இரும்மா. கன்னிக்கால மண்ணுல நடணும்னு நீதான சொன்ன? 'சிமெண்ட ஒடைக்காதீங்க, இப்ப எல்லாரும் எண்ணெ டின்லதான் வைக்கிறாங்க'ன்னு சொன்னது யாரு? டின்ல வச்சா புயல் எதுக்கு, பூனை உரசினாலே சாயும்."

அம்பிகைபாகனின் சிரிப்பு நின்றது. டின் அவருடைய யோசனை. மணலும் அவர் காரில் வந்ததுதான். அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தான்.

அழுதுவிடுவோமோ என்று கனகேஸ்வரிக்கு ஒரு நொடி பயமாக இருந்தது. இவர்கள் முன்னால் அழுவதற்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றியது. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு திரும்பினாள்.

"வியாழக்கிழமை கல்யாணம்" என்றாள், பரமநாதனிடம் மட்டும். "அப்புறம்னு எனக்கு ஒரு நாள் கெடையாது. வர்றதா இருந்தா வாங்க."

"கல்யாணப் பொண்ணு கன்னிக்காலத் தொடக்கூடாதுடி!"

"நீங்க யாரும் தொடலியேம்மா."

தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. டின் இருந்த மூலையில் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். கை அதிர்ந்தது, சிமெண்ட் அசையவில்லை. மறுபடி போட்டாள். தெருவில் போன மோட்டார் சைக்கிள்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். நாலாவது அடியில் ஒரு கீறல் ஓடியது.

கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். நிலைப்படியில் பரமநாதன் வெறுங்காலோடு நின்றான். கடிகாரம் கையில் இல்லை. ஒரு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். மற்றக் கையை அம்பிகைபாகன் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கனகேஸ்வரி அவனைக் கூப்பிடவில்லை. நெற்றியில் வழிந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள். சிமெண்ட் வில்லை ஒன்று பெயர்ந்து புரண்டது. அடியில் செம்மண் ஈரமாக இருந்தது.